கால் தமனி அடைப்பும் கொலஸ்ட்ரால் மாத்திரையும்: நடையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகிக்கொள்கிறது. நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது. மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடித்துக்கொள்கிறது. இந்தத் தொல்லையோடு மருத்துவரிடம் போகிறவருக்குக் கால் ரத்தக்குழாயில் அடைப்பு என்று சொல்லி, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் கொலஸ்ட்ராலைக் குறைக்க ஒரு மாத்திரையும் எழுதித் தருகிறார்கள். "வலிப்பது காலில்தானே, கொலஸ்ட்ரால் மாத்திரை எதற்கு?" என்ற கேள்வி மனத்தில் எழுந்தாலும் பெரும்பாலானோர் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. இரண்டு மாதம் கழித்துத் தொடையிலோ காலிலோ புதிதாக ஒரு வலி தோன்றினால், யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்து, மாத்திரையால்தான் வலி என்று முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். கால் தமனி நோயுள்ளவர் தமக்குத் தாமே அறியாமல் செய்துகொள்ளும் பெரிய தீங்குகளில் இதுவும் ஒன்று என்று நான் கருதுகிறேன்.

இதற்கு நேர்மாறான தீங்கும் உண்டு. மருந்தால் தசை உண்மையாகவே பாதிக்கப்பட்டிருக்கும். அந்த வலியை "உங்களுக்குத்தான் ஏற்கெனவே கால் அடைப்பு இருக்கிறதே" என்று தள்ளிவிட்டு, அதே அளவு மருந்தைத் தொடரச் சொல்வார்கள். இரண்டு தவறுகளுக்கும் காரணம் ஒன்றுதான்: மருந்து தொடங்குவதற்கு முன் அவர் எவ்வளவு தூரம் நடந்தார், வலி எங்கே வந்தது, எத்தனை நிமிடத்தில் வந்தது என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆகவே முதல் மாத்திரையை விழுங்கும் முன் உங்கள் நடையை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்றைய நடையை அளந்து இன்றிலிருந்து தொடங்கலாம்.

முதல் படி: நோய் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

கால் தமனி நோய் என்பது காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி குறுகிப்போவது. உட்கார்ந்திருக்கும்போது தசைக்கு வேண்டிய ரத்தம் குறைவு என்பதால் குறுகிய வழியே போதும். நடக்கும்போது தேவை பல மடங்கு கூடுகிறது. அந்த அளவு ரத்தம் வந்து சேராததால் தசை பட்டினி கிடந்து வலிக்கிறது. தொடைத் தமனியில் அடைப்பு இருந்தால் வலி கெண்டைக்காலிலும், அதற்கு மேலே இடுப்புப் பகுதியில் அடைப்பு இருந்தால் தொடையிலும் புட்டத்திலும் தோன்றும். எல்லோருக்கும் இந்த இலக்கணப்படியே வலி வருவதில்லை. பலருக்குக் கால் கனத்துப்போவதாக, சோர்ந்துபோவதாக மட்டும் தெரியும். இன்னும் பலர் வலி வராத அளவுக்குத் தம் நடையைத் தாமே குறைத்துக்கொண்டு, வயதாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

உறுதி செய்யும் எளிய சோதனை, கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பது. படுக்க வைத்து, ரத்த ஓட்டத்தை ஓசையாக்கிக் காட்டும் டாப்ளர் கருவியைக் கேட்டபடி இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் அளப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் விகிதம் 0.70. இது 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கால் தமனி நோய் உண்டு, 1.00 முதல் 1.40 வரை இயல்பு, இடைப்பட்டது ஐயத்துக்குரியது. நெடுநாள் சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்குக் குழாய்ச் சுவர் சுண்ணம் ஏறி விறைத்துவிடுவதால், பட்டையால் அழுத்தினாலும் குழாய் அமுங்காமல், விகிதம் 1.40-ஐத் தாண்டிப் பொய்யாக நல்லபடியாகத் தெரியலாம். அப்படியானால் கால் பெருவிரலில் அழுத்தத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாம் படி: மாத்திரையிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

இந்த நோய்க்கு முதலில் எழுதப்படும் கொலஸ்ட்ரால் மருந்து ஸ்டேட்டின் வகையைச் சேர்ந்தது. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து இவ்வகையின் முதல் மருந்தைப் பிரித்தெடுத்தார். 1987-இல் லோவாஸ்டாட்டின் விற்பனைக்கு வந்தது. இன்று பெரும்பாலும் எழுதப்படுபவை அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும். கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் வேலையில் ஒரு முக்கியமான நொதியை இவை தடுக்கின்றன. தனக்குப் போதாமல் போவதைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்வதால், எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் குறைகிறது.

கால் தமனியில் அடைப்பு உள்ளவருக்கு இதயத் தமனியிலும் மூளைக்குப் போகும் தமனியிலும் படிவு இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். அவர் உயிருக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் காலிலிருந்து வருவதில்லை. மாரடைப்பாகவும் பக்கவாதமாகவும் வருகிறது. 2002-இல் வெளியான இதயப் பாதுகாப்பு ஆய்வில் 20,536 பேர் பங்கேற்றனர். அவர்களில் 6,748 பேருக்குக் கால் தமனி நோய் இருந்தது. தினமும் 40 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டின் எடுத்துக்கொண்ட கால் நோயாளிகளுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. மாத்திரை எழுதப்படுவதன் முதற்காரணம் இதுதான். கால் வலி ஒரு சிறிதும் குறையாவிட்டாலும் மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

சரி, நடைக்கு ஏதாவது செய்யுமா? செய்கிறது, ஆனால் மெதுவாகவும் மிதமாகவும் செய்கிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் கால் வலியுள்ள 354 பேருக்கு ஓராண்டு அட்டோர்வாஸ்டாட்டின் அல்லது வெற்று மாத்திரை கொடுத்து, டிரெட்மில்லில் நடக்க வைத்து அளந்தார்கள். 80 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு வலி தொடங்கும் வரையிலான நடைநேரம் 60 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 38 விழுக்காடு கூடியது. இனி முடியாது என்று நிற்கும் வரையிலான மொத்த நடைநேரத்தில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இந்த மூன்று செய்திகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வலி தள்ளிப்போகிறது என்பது உண்மை. மொத்தத் தூரம் கூடும் என்று உறுதி சொல்ல முடியாது. அடிக்கடி அளக்கப்பட்டு, கவனிக்கப்பட்டு, அக்கறையோடு நடந்தாலே நடை ஓரளவு மேம்படுகிறது என்பதும் அந்த 38 விழுக்காட்டில் தெரிகிறது. இதற்கு முன்பே, 1994-இல் முடிவு வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குக் கால் வலி புதிதாகத் தோன்றுவதும் இருந்த வலி மோசமாவதும் 38 விழுக்காடு குறைந்திருந்தன. நடக்க முடியாமல் போவதைத் தள்ளிப்போடுவதும் நடைக்குச் செய்யும் உதவிதான். கண்ணுக்குத் தெரியாத உதவி என்பதால் அதை யாரும் மருந்தின் கணக்கில் வரவு வைப்பதில்லை.

பல ஆண்டுகள் படிந்த அடைப்பு, குழாயில் உறைந்த எண்ணெயைப் போல மாத்திரையால் கரைந்து ஓடிவிடாது. குழாயின் உட்சுவர் தேவைக்கேற்ப விரிந்துகொடுக்கும் திறனை மீட்கிறது. படிவுக்குள் இருக்கும் கொழுப்பு குறைந்து, அதன் மேல்மூடி தடித்து, வெடித்து உறைகட்டி உண்டாகும் ஆபத்து தணிகிறது. ஆகவே ஸ்கேன் படத்தில் அடைப்பு அப்படியே இருக்கிறதே என்று மனம் தளர வேண்டியதில்லை.

மூன்றாம் படி: மாத்திரைக்கு முன் நடையை அளந்து எழுதுங்கள்

இதற்கு ஒரு குறிப்பேடும் நொடி காட்டும் கடிகாரமும் போதும். நெஞ்சு வலியோ, நடந்தால் கடுமையான மூச்சிரைப்போ, ஓய்விலும் விடாத கால் வலியோ, காலில் ஆறாத புண்ணோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

மருத்துவமனைகளில் செய்யும் ஆறு நிமிட நடைச் சோதனையைத்தான் வீட்டளவில் செய்யப்போகிறோம். மேடு பள்ளம் இல்லாத, நீளம் தெரிந்த ஒரு பாதையைத் தேர்ந்துகொள்ளுங்கள். 30 மீட்டர் இருந்தால் நல்லது, 20 மீட்டரும் போதும். வழக்கமாக அணியும் காலணியோடு, சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் போய் வந்து நடக்க வேண்டும். ஓடக் கூடாது. நடுவில் நிற்கலாம், கடிகாரத்தை நிறுத்தக் கூடாது. யாராவது ஒருவர் கூட இருந்து குறித்துக்கொண்டால் நீங்கள் நடையில் மட்டும் கவனம் வைக்கலாம்.

எழுத வேண்டியது மொத்தத் தூரம் மட்டும் இல்லை. உங்கள் முதற்பக்கம் இப்படி இருக்கலாம்: "வலது கெண்டைக்காலில் 2 நிமிடம் 10 நொடியில் வலி தொடங்கியது. 3 நிமிடம் 40 நொடியில் நின்றேன். நின்று 3 நிமிடத்தில் வலி முழுக்க விட்டது. இடது காலில் வலி இல்லை. மொத்தம் 260 மீட்டர்." எந்தக் கால், எந்த இடம், எப்போது தொடங்கியது, எப்போது நிற்க வைத்தது, எவ்வளவு நேரத்தில் விட்டது என்ற ஐந்தும்தான் பின்னால் உங்களைக் காப்பாற்றப்போகிறவை.

இன்னொன்றையும் அதே நாளில் அளந்துவிடுங்கள். கைப்பிடியைப் பற்றாமல், கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை முழுமையாக எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது? நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும். எழுவதற்கு உழைப்பவை பெரும்பாலும் தொடையும் இடுப்பும். ஸ்டேட்டினால் தசை பாதிக்கப்பட்டால் முதலில் தளர்வதும் அந்தப் பெரிய தசைகள்தான். கெண்டைக்காலுக்கு ரத்தம் போதாததால் வரும் வலிக்கோ, ஐந்து முறை எழுந்து உட்காரும் நேரம் பெரும்பாலும் போதாது. அதனால் நடை குறைந்து நாற்காலிக் கணக்கு மாறாமல் இருந்தால் ரத்தக்குழாயின் மீதும், நாற்காலியிலிருந்து எழுவதே புதிதாகச் சிரமமாகிவிட்டால் தசையின் மீதும் ஐயம் திரும்ப வேண்டும். இது நோயைத் தீர்மானிக்கும் சோதனை ஆகாது; மருத்துவரிடம் எந்தத் திசையில் பேச வேண்டும் என்று காட்டும் கைகாட்டி.

இவற்றை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை செய்து, இரண்டாவதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை எல்லோருமே பதற்றத்தில் வேகத்தைத் தவறாகக் கணிக்கிறார்கள்.

நான்காம் படி: மருந்தைத் தொடங்குவது

தொடங்கும் முன் ரத்தத்தில் கொழுப்பு அளவுகளையும் கல்லீரல் நொதிகளையும் பார்ப்பது வழக்கம். இவற்றோடு தைராய்டு அளவையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு குறைவே தசை வலியைத் தரும், கொலஸ்ட்ராலையும் ஏற்றும். அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்டேட்டினைத் தொடங்கினால் தசைத் தொல்லைக்கு வழி திறந்ததாகிவிடும். முன்பு எப்போதாவது தசை நோய் இருந்தவர்களுக்குத் தசை நொதியான கிரியேட்டின் கைனேஸ் அளவையும் பார்த்து வைப்பார்கள்.

கால் தமனி நோய்க்குப் பரிந்துரைக்கப்படுவது தீவிர அளவு: அட்டோர்வாஸ்டாட்டின் 40 முதல் 80 மில்லிகிராம் வரை, அல்லது ரோசுவாஸ்டாட்டின் 20 முதல் 40 மில்லிகிராம் வரை. எல்டிஎல் அளவைப் பாதியாகவாவது குறைப்பது நோக்கம். ஐரோப்பிய வழிகாட்டு நெறி இதோடு டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது. அமெரிக்க நெறி 70-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ இன்னொரு மருந்தைச் சேர்ப்பது பற்றி யோசிக்கச் சொல்கிறது. ஆய்வகத் தாளில் அச்சிட்டிருக்கும் "இயல்பு அளவு" நோயில்லாதவர்களுக்கானது. உங்கள் எண்ணை அதோடு ஒப்பிட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். முதியவர்களுக்கும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் குறைந்த அளவில் தொடங்குவதுண்டு. ஆசிய வம்சாவளியினரின் ரத்தத்தில் ரோசுவாஸ்டாட்டின் கூடுதலாகத் தேங்குவதால் அவர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கும் வழக்கமும் உண்டு.

அட்டோர்வாஸ்டாட்டினையும் ரோசுவாஸ்டாட்டினையும் எந்த வேளையிலும் எடுத்துக்கொள்ளலாம். சிம்வாஸ்டாட்டின் மட்டும் இரவில். மறக்காத வேளையே சிறந்த வேளை. வேறு மருந்துகளோடு மோதுமா என்பதில்தான் கவனம் வேண்டும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, கிரேப்ஃப்ரூட் சாறு ஆகியவை சிம்வாஸ்டாட்டினும் அட்டோர்வாஸ்டாட்டினும் உடலில் தேங்கும்படி செய்கின்றன. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவருக்குச் சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ரத்தக் கொழுப்பைக் குறைக்கத் தரப்படும் இன்னொரு மருந்தான ஜெம்ஃபைப்ரோசிலை ஸ்டேட்டினோடு சேர்க்காமல் இருப்பதே நல்லது. சளிக்கோ தோல் அரிப்புக்கோ புதிதாக மருத்துவரிடம் போகும் நாளில்தான் இந்த மோதல்கள் பெரும்பாலும் நேர்கின்றன. அங்கே ஸ்டேட்டின் பெயரைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

4 முதல் 12 வாரத்துக்குள் ரத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். குறி எட்டாவிட்டால் மருந்தை இரட்டிப்பாக்குவதால் எல்டிஎல் மேலும் ஏறத்தாழ 6 விழுக்காடுதான் குறையும். எசெடிமைப் என்ற வேறு வகை மாத்திரையைச் சேர்த்தால் ஏறத்தாழ 20 விழுக்காடு குறையும். அதுவும் போதாதவர்களுக்கு இரு வாரத்துக்கு அல்லது மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசிகள் உள்ளன. அவற்றில் ஒன்றான எவலோகுமாப் பற்றி 2017-இல் வெளியான ஆய்வில், கால் உறுப்பைப் பறிக்கும் திடீர் அடைப்பு, கால் நீக்கம் போன்ற பெரும் நிகழ்வுகள் 42 விழுக்காடு குறைந்தன. விலை அதிகமான மருந்து என்பதால் எல்லோருக்கும் கைக்கெட்டாது. ஆனால் எல்டிஎல் தாழத் தாழக் காலும் காப்பாற்றப்படுகிறது என்பதற்கு அது தெளிவான சான்று.

ஐந்தாம் படி: புதிய வலி வந்தால் எந்த வலி என்று பிரித்தறியுங்கள்

இந்த வழிகாட்டியில் வேறு எதைத் தாண்டிப் போனாலும் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

ரத்தம் போதாததால் வரும் வலிக்கு நடையோடு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது வராது; குறிப்பிட்ட தூரத்தில் வரும்; மேடு ஏறினாலோ வேகம் கூட்டினாலோ முன்னதாகவே வரும்; நின்ற இடத்தில் நின்றாலே பத்து நிமிடத்துக்குள் விட்டுவிடும். பெரும்பாலும் ஒரு காலில் மற்றதைவிட அதிகமாக இருக்கும்.

ஸ்டேட்டினால் வரும் தசை வலி நடையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாது. இரண்டு தொடைகளிலும், இடுப்பிலும், சில நேரம் இரண்டு தோள்களிலும் சமமாக ஒரு குடைச்சல், ஒரு கனம், ஒரு தளர்ச்சி இருக்கும். காலையில் படுக்கையை விட்டு எழும்போதே இருக்கும், நின்றால் விடாது. மருந்து தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் தோன்றும். இரண்டு கெண்டைக்காலிலும் வந்தால்தான் குழப்பம். அங்கேதான் குறிப்பேடு பேசும். முன்பு 2 நிமிடம் 10 நொடியில் வந்த வலி இப்போதும் அதே நேரத்தில், அதே காலில் வருகிறதா? அப்படியானால் பழைய வலி அப்படியே இருக்கிறது, மருந்தின் மீது பழி இல்லை. நாற்காலியில் 14 நொடி ஆனது இப்போது 20 நொடி ஆகிறதா? அது புதிய செய்தி. உடனே சொல்ல வேண்டிய செய்தி.

மூன்றாவதாக ஒரு வலியும் இந்த வயதில் கூடவே வரும்: முதுகுத்தண்டின் கால்வாய் குறுகி நரம்பு நசுங்குவதால் வரும் வலி. அது நின்றால் தணியாது. நெடுநேரம் நின்றாலே வரும். உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ தணியும். தள்ளுவண்டியின் மீது சாய்ந்தபடி நெடுந்தூரம் நடக்க முடிகிறது, நிமிர்ந்து நடந்தால் முடியவில்லை என்று சொல்கிறவர் பெரும்பாலும் இந்த வகை.

மாத்திரையின் மீதான அச்சமே வலியாக உணரப்படுவதும் உண்டு. இதைக் "கற்பனை" என்று ஒதுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. வலி உண்மையான வலிதான், அதன் காரணம்தான் வேறு. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், தொல்லை தாங்காமல் ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதங்கள் ஸ்டேட்டினும், சில மாதங்கள் வெற்று மாத்திரையும், சில மாதங்கள் எதுவுமில்லாமலும், எது எது என்று சொல்லாமல் கொடுத்தார்கள். எதுவும் சாப்பிடாத மாதங்களில் தொல்லை பாதியாக இருந்தது. மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் கூடியது. ஆனால் ஸ்டேட்டின் தந்த தொல்லையில் 90 விழுக்காட்டை வெற்று மாத்திரையும் தந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவர்களில் பாதிப்பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கினார்கள். 2022-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், ஸ்டேட்டின் எடுப்பவர்கள் சொல்லும் தசை வலிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மருந்தால் வந்தவை இல்லை என்றே தெரிந்தது. மீதமுள்ள அந்தப் பத்தில் ஒன்றில் நீங்கள் இருக்கலாம். ஆகையால் சோதித்துத்தான் பார்க்க வேண்டும், ஊகித்து நிறுத்தக் கூடாது.

ஆறாம் படி: நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு

மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அவர் ஒப்புதலோடு நிறுத்துங்கள். முதலில் கிரியேட்டின் கைனேஸ் அளவைப் பார்ப்பார்கள். பழக்கமில்லாத கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு சில நாட்களுக்கு இந்த அளவு தானாகவே ஏறியிருக்கும் என்பதால், நடைப்பயிற்சியைப் புதிதாகத் தொடங்கியிருந்தால் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பயிற்சியின் பழியும் மாத்திரையின் தலையில் விழும். இயல்பின் மேல் வரம்பைப்போல் 10 மடங்கைத் தாண்டினால் மருந்து உடனே நிறுத்தப்படும். அப்படி இல்லாவிட்டால் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திவைத்து, வாரத்துக்கு ஒரு முறை அதே நடையையும் நாற்காலியையும் அளந்து எழுதுங்கள். மருந்தால் வந்த வலி இந்தக் காலத்தில் பெரும்பாலும் விலகிவிடும். விலகாவிட்டால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

விலகினால், குறைந்த அளவிலோ வேறொரு ஸ்டேட்டினிலோ மறுபடி தொடங்க வேண்டும். ஒரு ஸ்டேட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலோருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்கிறது. ரோசுவாஸ்டாட்டினை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தும் பார்க்கிறார்கள். எதுவுமே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எசெடிமைப், ஊசிகள், பெம்பெடோயிக் அமிலம் ஆகியவை உள்ளன. இந்தக் கடைசி மருந்து கல்லீரலில் மட்டுமே செயலூக்கம் பெறுவதால் தசையைப் பெரும்பாலும் தொடுவதில்லை. யூரிக் அமிலத்தை ஏற்றும் என்பதால், அந்த அமிலம் மூட்டில் படிவதால் வரும் கவுட் எனப்படும் கீல்வாதம் உள்ளவர்கள் முன்பே சொல்ல வேண்டும்.

சிறுநீர் தேநீர் நிறத்தில் கறுத்துப் போவதும், எழுந்து நிற்கவே முடியாத தளர்ச்சியும் சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் அரிய நிலை அது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏழாம் படி: நடையைக் கூட்டுவது நடைதான்

மாத்திரை தரும் முன்னேற்றத்தைவிட முறையான நடைப்பயிற்சி தரும் முன்னேற்றம் பெரியது. மாத்திரை குழாயைக் காக்கிறது. பயிற்சியால் தசை கிடைக்கிற ரத்தத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொள்கிறது. வாரத்துக்கு மூன்று நாளாவது, ஒவ்வொரு முறையும் 30 முதல் 45 நிமிடம், குறைந்தது 12 வாரம் நடக்க வேண்டும். வலி வந்ததும் நிற்காமல், அது மிதமான அளவைத் தாண்டிக் கடுமையாகும் வரை நடந்து, முழுக்க விடும் வரை நின்று, மறுபடி தொடங்க வேண்டும்.

வலியோடு நடப்பதா என்று தயங்குகிறவர்களுக்கு 2021-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். கால் தமனி நோயுள்ள 305 பேரில் ஒரு சாராரை வலி வரும் வேகத்திலும், இன்னொரு சாராரை வலி வராத மென்மையான வேகத்திலும் வீட்டிலேயே ஓராண்டு நடக்க வைத்தார்கள். வலியோடு நடந்தவர்களின் ஆறு நிமிடத் தூரம் சராசரியாக 34 மீட்டர் கூடியது. வலியைத் தவிர்த்து நடந்தவர்களின் தூரம் கூடவே இல்லை, 6 மீட்டர் குறைந்தது. கெண்டைக்காலில் வரும் இந்த வலி தசையைக் கெடுப்பதில்லை. நெஞ்சு வலி வந்தால் மட்டும் உடனே நின்றுவிட வேண்டும். அதற்கு இந்த விதி பொருந்தாது.

புகையிலையை விடாதவருக்கு மேலே சொன்ன எதுவும் முழுப் பலன் தராது. சர்க்கரை நோயுள்ளவர்கள் நடந்து முடித்ததும் இரண்டு பாதங்களின் அடிப்பகுதியையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். உணர்ச்சி மங்கிய பாதத்தில் கொப்புளம் வலிக்காது.

எப்போது ஓட வேண்டும்

கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்து, கடுமையாக வலித்தால், அல்லது விரல்களை அசைக்க முடியாவிட்டால், அது உறைகட்டி குழாயை முழுதாக அடைத்துவிட்டதன் அடையாளம். சில மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தால்தான் கால் பிழைக்கும். இரவில் பாதம் வலித்துக் கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால் மட்டும் ஆறுதல் கிடைத்தாலும், இரண்டு வாரமாகியும் ஒரு புண் ஆறாவிட்டாலும், அடுத்த முறை பார்க்கும் நாள்வரை காத்திருக்கக் கூடாது.

எட்டாம் படி: மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு

இந்த மூன்று கட்டங்களிலும் அதே பாதையில், அதே காலணியில், அதே வேளையில் அளந்து எழுதுங்கள். மூன்றாம் மாதத்தில் தெரியும் முன்னேற்றம் பெரும்பாலும் பயிற்சியுடையது. மருந்தின் பங்கு வலி தொடங்கும் நேரம் தள்ளிப்போவதில், ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தெரியவரும். கணுக்கால் அழுத்த விகிதம் கூடாமலே நடை கூடியிருக்கலாம். அதை ஏமாற்றமாக எண்ணாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் அன்றாட வாழ்க்கை தடைபட்டே இருந்தால், இந்தக் கால் வலிக்காகவே தரப்படும் சிலோஸ்டசால் என்ற மாத்திரை பற்றிக் கேளுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு அது கூடாது. அதற்கும் அப்பால் பலூன் வைத்து விரித்தல், ஸ்டென்ட் பொருத்துதல், மாற்றுவழி அறுவை சிகிச்சை ஆகியவை உண்டு. அந்தப் பேச்சுக்குப் போகும்போது குறிப்பேட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "நடக்க முடியவில்லை" என்ற ஒரு சொல்லைவிட, "ஓராண்டுக்கு முன் 260 மீட்டர், இன்று 265" என்ற வரி முடிவெடுக்க அதிகம் உதவும். ஸ்டென்ட் வைத்துக்கொண்டாலும் கொலஸ்ட்ரால் மாத்திரை தொடரும், ஏனென்றால் திறக்கப்பட்டது ஓர் இடம் மட்டும்தான். காயம் ஆறி நடக்க அனுமதி கிடைத்ததும், புதிய பக்கத்தில் தேதி போட்டு, ஆறு நிமிட நடையை மறுபடி அளந்து தொடங்குங்கள்.